நாற்பத்து மூன்றாம் எண்

வயர்லெஸ் கருவி எதுவும் இல்லை என்று கணினி நான்காவது முறையாகச் சொன்னபோது மணி பன்னிரண்டே கால். எர்மினாவுக்கு அந்தத் திரையைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கருவி இல்லையாம்! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் கருவி கண்ணுக்கே தெரிகிறது. கூரைக்கு மேலே ஒரு மூங்கில் கம்பம், கம்பத்தின் உச்சியில் பழைய இரும்பு வாணலி, வாணலிக்கு நடுவே ஒரு குழாய், குழாய்க்குள் கட்டைவிரல் அளவுக்கு அந்தக் கருவி. அதன் கம்பி கூரை வழியாக இறங்கி வந்து இந்தக் கணினியின் முதுகில்தான் செருகியிருக்கிறது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் வட்டார அலுவலகத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, நேற்று மாலை வரை அந்த வாணலி இணையத்தை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு வெறும் வாணலியாக நிற்கிறது.

நேற்று அவள் செய்த பாவம் ஒன்றே ஒன்றுதான். திரையின் மூலையில் புதுப்பிப்புகள் தயார் என்று ஒரு பெட்டி வந்தது. எர்மினா மேசையில் தூசி இருந்தாலே தாங்காதவள். சரி என்று அழுத்தினாள். இடம் போதவில்லை, பழையவற்றை நீக்கட்டுமா என்று கேட்டது. அதற்கும் சரி என்றாள். இறங்கி முடியட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் கணினியை ஓட்டுகிற லினக்ஸ் புத்தம் புதிதாகப் பளபளக்கிறது, இணையம்தான் இல்லை.

இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தளத்தின் கதவு மூடிவிடும். கடைசி வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். ஐந்து பருவ மதிப்பெண்களைப் பள்ளி ஏற்றி, கடைசியாக 'நிறைவு' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அவர்கள் நுழைவுத் தேர்வு இல்லாமல் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அழுத்தாவிட்டால் நாற்பத்து மூன்று பேருக்கும் அந்த வழி அடைத்துவிடும், எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும். அழுத்த வேண்டியவள் பள்ளியின் கணினி ஆசிரியை எர்மினா. ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு பள்ளியில் இப்படிக் கோட்டை விட்டுவிட்டு, பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து அழுகிற படம் செய்தித்தாளில் வரும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஆசிரியை என்ன கிழித்துக்கொண்டிருந்தாளோ என்று திட்டியவள்தான் இவளும்.

அவளுக்கு இரண்டே வேலைதான் பாக்கி. நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு மதிப்பெண் ஏற்றுவது ஒன்று, நிறைவை அழுத்துவது இன்னொன்று. நாற்பத்து மூன்றாம் எண் மாலெம். சினாபுங் எரிமலை சாம்பலைக் கக்கி அவளுடைய ஊரை மூடியபோது இங்கே வந்து சேர்ந்த பெண், அதனால் பதிவேட்டில் கடைசி. பழைய பள்ளியிலிருந்து அவளுடைய மதிப்பெண் தாள் நேற்றுப் பள்ளி விடும் நேரத்தில்தான் வந்தது. தாளைப் பார்த்து எர்மினா அசந்துபோனாள். இந்த வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கக்கூட ஆள் கிடையாது.

வேறு வழி யோசிக்காமல் இல்லை. ஊர் பள்ளத்துக்குள் இருப்பதால் கைபேசியில் பேச மட்டும்தான் முடியும், அதுவும் அறையின் கொய்யா மரத்துப் பக்க ஜன்னலில் நின்றால். மதிப்பெண்ணில் யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று, பள்ளியின் இந்த ஒரு கணினியிலிருந்து வந்தால்தான் தளம் உள்ளே விடும். சரி, கணினியையே பைக்கில் கட்டி வட்டார அலுவலகத்துக்குத் தூக்கிப் போகலாம் என்றால், ராத்திரி மழையில் மலையிலிருந்து இறங்கிய சேறு சாலையை இடுப்பளவுக்கு மூடிக் கிடக்கிறது. தலைமையாசிரியர், "எப்படியாவது பண்ணிடுங்க, எர்மினா" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு சேற்றை அள்ளப் போயிருந்தார். எப்படியாவது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு வேலை சுலபம்.

வாணலியைக் கட்டிக் கொடுத்தவர் தெர்கெலின். வட்டார ஊரில் கணினிக் கடை வைத்திருக்கிறார். போன வாரம் இடி விழுந்து பழைய கருவி கருகியபோது, வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டியவரும் அவர்தான். இந்த வட்டாரத்தில் லினக்ஸின் குடலும் ஈரலும் தெரிந்த ஒரே ஆள். எர்மினா காலை எட்டேகாலுக்கே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது. அவர் அவளுடைய கணவனின் தங்கை புருஷன்.

இந்த மலைப்பக்கத்துக் காரோ சாதி சனத்தில் பிறந்த எவருக்கும் இதற்கு மேல் சொல்ல வேண்டாம். அந்த உறவுக்குள் பேச்சு கிடையாது. ரெபு என்று அந்த விலக்குக்குப் பெயர். ஒருவரையொருவர் துராங்கு என்று சொல்லிக்கொள்ளலாம், அதுவும் மூன்றாம் ஆளிடம்தான். ஒரே பாயில் உட்காரக் கூடாது, முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் நின்று வாங்கிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் எர்மினா அவரிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. வழக்கமாக நடுவில் நிற்கிறவன் அவள் கணவன். அவன் ரியாவ் மாகாணத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் வேலையில் இருக்கிறான், சனிக்கிழமைதான் தொடர்பு கிடைக்கும். வெட்கத்தைவிட இந்த முறைக்குப் பயந்துதான் அவள் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தானே குடைந்து குடைந்து பார்த்தாள். குடைந்ததில் நாலு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

பன்னிரண்டே காலுக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிச் சிற்றுண்டிக் கடைக்கு ஓடினாள்.

"நாந்தே, அடுப்பை அணைச்சுட்டு வாங்க. துராங்குகிட்ட பேசணும்."

கடைக்காரி நாந்தே மாலெம். நாந்தே என்றால் அம்மா; மாலெமின் அம்மா. புருஷன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது, பணம் வருகிறது, ஆள் வரவில்லை. ஆரஞ்சுத் தோட்டம் சாம்பலுக்கடியில் போனபின் வாழைப்பழம் பொரித்து விற்கிறாள். கூரையில் நிற்கிற வாணலிகூட அவள் கொடுத்ததுதான். வாயில் வெற்றிலையும் நாக்கில் நக்கலும் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

"வாழைப்பழம் பாதி வெந்து கிடக்கு, டீச்சர். அந்தப் பெட்டிக்கு மறுபடியும் ஜுரமா?"

"ஜுரம் இல்லை, உயிரே போச்சு. மூணு மணிக்குள்ள சரியாகலைன்னா பிள்ளைங்க எல்லாருக்கும் பல்கலைக்கழகம் போச்சு."

நாந்தே மாலெம் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

கைபேசி ஜன்னலில், கணினி எதிர்ச் சுவரில். கூரையிலிருந்து வருகிற கம்பி அதற்கு மேல் எட்டாது, கைபேசியை ஜன்னலை விட்டு ஒரு முழம் நகர்த்தினாலும் பேச்சு அறுந்துவிடும். ஆகவே நாந்தே மாலெம் ஜன்னலில் நின்று காதில் வாங்கி, அங்கிருந்தே எர்மினாவிடம் கத்த வேண்டும். பக்கத்து அறையில் கடைசி வகுப்புப் பிள்ளைகள் மூன்று மணிக்காகக் காத்திருந்தார்கள். எவனோ கிதார் வாசிக்க, எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

தெர்கெலின் ஒன்றேகாலுக்குத்தான் கிடைத்தார். ஒரு சாவு வீட்டிலிருந்து அப்போதுதான் கடைக்குத் திரும்பியிருந்தார்.

"என்ன பண்ணினாங்கன்னு கேட்கறார்," என்றாள் நாந்தே மாலெம்.

"நேத்து புதுப்பிப்பு வந்துச்சு. சரின்னு அழுத்தினேன்னு சொல்லுங்க."

நாந்தே மாலெம் அதைச் சொன்னாள். பிறகு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் வாய் மெல்வதை நிறுத்தியது. சிவந்த எச்சிலை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, திரும்பாமலேயே நின்றாள்.

"என்ன நாந்தே? என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததை இவ்வளவு நேரமா சொன்னார்? நேரம் போகுது, சொல்லுங்க!"

நாந்தே மாலெம் திரும்பினாள். அப்படி ஒரு முகத்தை எர்மினா அவளிடம் பார்த்ததே இல்லை. "போன வாரம் அந்தக் கருவியைக் கணினியோட பேச வைக்கிற டிரைவர்னு ஒண்ணை அவர் கையாலேயே கட்டி வெச்சாராம். புதுசு எதையாவது ஏத்தினா அது கழண்டு விழுந்துடுமாம். புதுப்பிக்கவான்னு கேட்டா வேண்டாம்னு அழுத்தணும்னு டீச்சர்கிட்ட சொல்லுங்கன்னு, என் கடையில சாப்பிட்டுக்கிட்டே என்கிட்டதான் சொன்னாராம்." அவள் குரல் இறங்கிவிட்டது. "சொன்னார், டீச்சர். சொன்னது இப்ப ஞாபகம் வருது. அன்னைக்கு இடைவேளைக் கூட்டம். நான் சொல்ல மறந்துட்டேன்."

எர்மினாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வார்த்தை! நாக்கில் நாள் முழுக்க ஆயிரம் வார்த்தை உருள்கிறது, இந்த ஒன்று உருளவில்லை! கத்த வாயைத் திறந்தவள், மாலெமின் மதிப்பெண் தாள் மேசையில் கிடப்பதைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவர்தான் என்ன, வாசலில் நின்று என்னிடமே சொல்லியிருந்தால் தலையா போயிருக்கும்? போயிருக்காது. ஆனால் சொல்லியிருக்க மாட்டார். அவளும் கேட்டிருக்க மாட்டாள். யாரைத் திட்டுவது?

"அதை விடுங்க. இப்ப என்ன பண்றதுன்னு கேளுங்க."

கணினி தொடங்கும்போதே பழைய கெர்னலுக்குப் போகச் சொன்னார். லினக்ஸின் கருவான அந்தக் கெர்னல் பழையதாக இருந்தால் டிரைவரும் பழையபடி ஒட்டிக்கொள்ளும். எர்மினா அணைத்து, திரும்பப் போட்டு, பட்டியலைத் திறந்தாள். பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பழையவற்றை நீக்கவா என்று கேட்டபோது சரி என்றாளே, அதில் அதுவும் போய்விட்டிருந்தது. இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் தெர்கெலின் போட்ட சத்தம் கைபேசியைத் தாண்டி எர்மினா காதுக்கே வந்தது.

"என்ன சொல்றார்?"

"அதைச் சொல்ல முடியாது, டீச்சர். உறவுமுறைக்கு ஆகாது."

அப்போதுகூட இருவருக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவர்கள் சிரித்தது அவ்வளவுதான்.

மணி ஒன்றே முக்கால். டிரைவரை மறுபடி கட்ட வேண்டும். அதற்கான மூல நிரல் கணினிக்குள்ளேயே 'அழிக்காதே' என்ற பெயரில் ஒரு கோப்புறையில் கிடக்கிறது என்றார் தெர்கெலின். நல்ல வேளை, அந்தப் பெயருக்குப் பயந்தே எர்மினா அதை அழிக்காமல் வைத்திருந்தாள். கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, அவர் சொன்னதை நாந்தே மாலெம் சொல்லச் சொல்லத் தட்டினாள். வரிகள் மளமளவென்று ஓடின. ஓடி, பிழை என்று நின்றன.

புதிய கெர்னலுக்கு அந்த மூல நிரல் ஒத்துப்போகவில்லை. எங்கோ ஒரு வரியை மாற்ற வேண்டும், எந்த வரி என்று தெர்கெலினுக்கும் தெரியாது. "இணையத்துல லினக்ஸ்காரங்க கூடுற இடத்துல எழுதிக் கேட்கிறேன், வைங்க" என்று வைத்துவிட்டார்.

வைத்தவர் வைத்தவர்தான். ஒன்று ஐம்பத்தைந்து. இரண்டு ஐந்து. பக்கத்து அறைப் பாட்டு நின்றிருந்தது. யாரோ வந்து கதவிடுக்கில் பார்த்துவிட்டுப் போய் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எர்மினா நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டாள். நாந்தே மாலெம் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடி ஜபம் செய்துகொண்டிருந்தாள். ஜபத்தின் நடுநடுவே "என் வாயில மண்ணு விழ" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நாந்தே, அப்படிச் சொல்லாதீங்க."

"மாலெமுக்கு நான் என்ன பதில் சொல்வேன், டீச்சர்? நுழைவுத் தேர்வுக்கு மேடான் பட்டணத்துல மூணு மாசம் தங்கிப் படிக்கணும்ங்கறாங்க. என்னால முடியுமா? இது ஒண்ணுதான் அவளுக்கு வழி. மத்த பிள்ளைங்க அம்மாமாருங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

எர்மினாவே எந்த முகத்தோடு பக்கத்து அறைக்குப் போவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். கடவுளே, என் வேலையைப் பிடுங்கிக்கொள், இந்த ஒன்றை மட்டும் கொடு என்று அவளும் மனசுக்குள் பேரம் பேசினாள்.

இரண்டு இருபதுக்குக் கைபேசி அடித்தது. சுராபாயா நகரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். ஒரு வரியை எடுத்துவிட்டு வேறு இரண்டு வரி எழுத வேண்டும்.

அந்த இரண்டு வரிதான் உயிரை எடுத்தது. அடைப்புக்குறி, அடிக்கோடு, அரைப்புள்ளி என்று பார்த்தறியாத குறிகளை நாந்தே மாலெம் காதால் வாங்கி வாயால் கொடுக்க வேண்டும். அவள் ஒவ்வோர் எழுத்தையும் விரலில் எண்ணிக் கொடுத்தாள். குரல் பிசகவில்லை. எர்மினா தட்டியதைத் திரும்பப் படித்தாள், நாந்தே மாலெம் அதைக் கைபேசியில் ஒப்பித்தாள், அவர் சரி என்றார், அடுத்த எழுத்து. பதினேழு நிமிடம். டிரைவரைக் கட்டச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தாள் எர்மினா. வரிகள் ஓடின. பிழை. ஓர் அரைப்புள்ளி குறைந்திருந்தது. போட்டுவிட்டு மறுபடி. ஓடின, ஓடின, இந்த முறை நிற்கவில்லை. டிரைவரை ஏற்றினாள்.

திரையின் மூலையில் விசிறி மாதிரி அந்தச் சின்னக் குறி முளைத்தது. கோபுரத்தின் பெயர் வந்தது. சேர்ந்தது.

"வந்துடுச்சு!" என்று எர்மினா கத்தினாள். நாந்தே மாலெம் கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே குந்தி அழுதாள். பக்கத்து அறையில் மேசைகள் தடதடத்தன. மணி இரண்டு ஐம்பத்தொன்று.

தளம் திறக்க ஒன்றரை நிமிடம் எடுத்தது. கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போக இன்னும் ஒன்றரை. நாட்டிலுள்ள எல்லாப் பள்ளியும் கடைசி நேரத்தில் அதே கதவில் முட்டிக்கொண்டிருந்தது போல. பட்டியல் வந்தது. முழுமை: நாற்பத்திரண்டு. முழுமையற்றது: ஒன்று. கீழே நிறைவுப் பொத்தான், அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில், முழுமையற்ற மாணவர்கள் விலக்கப்படுவார்கள், நிறைவுக்குப் பின் எதையும் மாற்ற இயலாது.

மணி இரண்டு ஐம்பத்தைந்து.

எர்மினா கணக்குப் போட்டாள். மாலெமின் பக்கத்தைத் திறக்க ஒன்றரை நிமிடம். ஐந்து பருவத்து எண்களைத் தட்ட ஒரு நிமிடம், அதுவும் விரல் பறந்தால். சேமிக்க ஒன்றரை. பிறகு நிறைவுக்கு ஒன்றரை. மொத்தம் ஐந்தரை. கையில் இருப்பது ஐந்துகூட இல்லை. பக்கம் கொஞ்சம் சீக்கிரம் வந்தால் முடிந்தாலும் முடியும். வராவிட்டால், நடுவில் கருவி ஒரு தடவை விழுந்தால், நாற்பத்து மூன்றும் போகும்.

அந்தக் கருவி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தவர் கைபேசியில் இருக்கிறார். கேட்க வேண்டும். கேட்டுச் சொல்ல வேண்டியவள் ஜன்னலடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன கேட்கணும், டீச்சர்? சொல்லுங்க, கேட்கறேன்" என்று சிரித்த முகமாக எழுந்து நிற்கிறாள்.

இதை அவளிடம் எப்படிச் சொல்லி அனுப்புவது? உன் மகளை விட்டுவிடலாமா என்று கேட்டுச் சொல் என்று ஒரு தாயிடம் சொல்ல முடியுமா? எர்மினா நாற்காலி பின்னால் சரிய எழுந்தாள். அறையைத் தாண்டி ஓடி, நாந்தே மாலெமின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

"துராங்கு, நான்தான் பேசறேன்."

பதினொரு வருடத்தில் முதல் சொல். எர்மினாவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கூசியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ரெண்டு பக்கம் பாக்கி. ஒண்ணுல ஒரே ஒரு பேரு. இன்னொண்ணுல நாப்பத்திரண்டு பேரு. நாலரை நிமிஷம் இருக்கு. ரெண்டும் போகுமா?"

தெர்கெலின் தொண்டையைக் கனைத்தார். நேராகப் பதில் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. பிறகு வந்தது. "அது நான் ஒட்டுப் போட்டுக் கட்டினது. சூடேறினா எந்த நிமிஷம் விழும்னு எனக்கே தெரியாது. ரெண்டும் போகாதுங்க. நாப்பத்திரண்டைப் போட்டுடுங்க." கூடவே, "அந்த ஒண்ணு யாரு?" என்றார்.

எர்மினா கைபேசியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நாந்தே மாலெம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டது பாதிதான். ஆனால் துராங்குவோடு ஒருத்தி நேருக்கு நேர் பேசியதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நடுவில் தான் நிற்கும்போதே, தன்னைத் தாண்டிப் பேச வேண்டிய பேச்சு என்னவாக இருக்கும்? அவளுக்குப் புரிய இரண்டு நொடி ஆகவில்லை.

"என் பொண்ணா, டீச்சர்?"

எர்மினா தலையசைத்தாள்.

"ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்." நாந்தே மாலெம் அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். "ஒரே ஒரு தடவை. போனா போகட்டும். நீங்க வேகமா தட்டுவீங்க. நான் எண்ணைப் படிக்கிறேன். இப்ப ஒரு எழுத்தும் தப்பாம படிச்சேனே, பார்த்தீங்களே."

"நாந்தே, போகலைன்னா எல்லாருக்கும் போயிடும்."

"என்னைத் தண்டிச்சுக்கோங்க. மறந்தது நான்தானே? அவ என்ன பண்ணினா?"

இரண்டு ஐம்பத்தாறு. எர்மினாவுக்குக் கண் மறைத்தது. மேசைமேல் அந்தத் தாள் கிடந்தது, பழைய பள்ளியின் முத்திரையோடு, ஓரத்தில் சாம்பல் படிந்த கறையோடு. மூன்றே சொடுக்கில் மாலெமின் பக்கத்துக்குப் போய்விடலாம். கை மவுஸின் மேல் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒரு பையன் மறுபடியும் கதவிடுக்கில் வந்து நின்றான். நாற்பத்திரண்டு பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெயராகத் தட்டி ஏற்றியவள் அவள். அவர்களுடைய அம்மாக்களும் எங்கேயோ அடுப்பிலோ வயலிலோ நின்று கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"மன்னிச்சுடுங்க, நாந்தே" என்று சொல்லிவிட்டு நிறைவை அழுத்தினாள்.

உறுதியா என்று கேட்டது. உறுதி என்றாள்.

நாந்தே மாலெம் அவள் தோளைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியதே தவிர இழுக்கவில்லை. சக்கரம் சுற்றத் தொடங்கியது. எர்மினா ஒன்றரை நிமிடத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. மற்ற பள்ளிகளெல்லாம் முடித்துவிட்டு இறங்கிவிட்டனவோ என்னவோ, நெரிசல் விட்டிருந்தது. பத்து எண்ணுவதற்குள் பக்கம் வந்துவிட்டது. பச்சை எழுத்தில் வாழ்த்து, கீழே பள்ளியின் பெயர், மாணவர் நாற்பத்திரண்டு, ஒரு பூட்டுப் படம்.

எர்மினா அந்தப் பூட்டையே வெறித்துப் பார்த்தாள். இந்த வேகத்தில் வந்திருந்தால் இரண்டும் முடிந்திருக்கும். இரண்டும் முடிந்து மேலும் ஒரு நிமிடம் இருந்திருக்கும். அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தவன் பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டான் போல. பக்கத்து அறை வெடித்தது. மேசைகளைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள், கிதாரைப் போட்டு அடித்தார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் மாலெமின் குரல் தனியாகக் கேட்டது. எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

நாந்தே மாலெம் திரையின் மேல் மூலையை உற்றுப் பார்த்தாள். அவளுக்குக் கணினி தெரியாது, மணி பார்க்கத் தெரியும். மேசைமேல் கிடந்த மதிப்பெண் தாளை எடுத்தாள். இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சுருக்கத்தை நீவிவிட்டு, எர்மினாவின் முன்னால் வைத்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"டீச்சர், இன்னும் மூணு நிமிஷம் இருக்கே. இப்ப என் பொண்ணோடதைப் போடுங்க. நான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முதல் எண்ணைப் படிக்க ஆரம்பித்தாள்.